தாலுகா அலுவலகம் எதற்காக இருக்கிறது?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த பிறகு தமிழ்நாட்டின் எந்தத் தாலுகா அலுவலகத்துக்குப் போனாலும் கூட்டம்தான். மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவரைச் சுற்றிப் பத்துப் பேர். தாழ்வாரத்தில் கல்லூரிப் படிவங்களோடு பிள்ளைகள், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த அப்பாக்கள், அம்மாக்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று ஆளுக்கொரு தேவை. இ-சேவை மையத்தில் விண்ணப்பம் பதிவாகிவிட்டது. ஆனாலும் நேரில் வந்து நிற்கிறார்கள். ஏறத்தாழ இதே வாரங்களில்தான் ஜமாபந்தியும் நடக்கும். ஜூன் 30-உடன் பசலி எனும் வருவாய்க் கணக்கு ஆண்டு முடிகிறது. ஊர்க் கணக்குகளைத் தணிக்கைக்கு வைத்தாக வேண்டும். பிள்ளைகள் எந்தக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி வருகிறார்களோ, அவர் அன்று கணக்குப் புத்தகங்களோடு ஜமாபந்தியில் உட்கார்ந்திருப்பார்.

இந்த நெரிசலைக் குறைத்துத் தரும்படி பொறியியல் படித்த ஒருவரிடம் கேட்டால், ஒரு விண்ணப்பம் எத்தனை மேசை தாண்டுகிறது, ஒவ்வொரு மேசையிலும் எவ்வளவு நேரம் கிடக்கிறது என்று முதலில் அளப்பார். தேங்கும் இடத்தில் ஓர் ஆளைக் கூட்டுவார், அல்லது ஒரு கணினியை வைப்பார். வங்கியில் பணம் வாங்கும் கவுன்ட்டருக்கு இந்த வழி நன்றாகவே பலிக்கும். அங்கே வெளியே நிற்பவருக்கும் உள்ளே இருப்பவருக்கும் வேலை இன்னதென்பதில் வேறுபாடு கிடையாது. தாலுகா அலுவலகத்தில் அந்த வேறுபாடு இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசாமல் விட்ட அந்த வேறுபாட்டை மேசைமேல் எடுத்து வைக்க ஒரு முறை உண்டு. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

அந்த முறைக்குப் பெயர் மென் அமைப்பு முறையியல். உருவாக்கியவர் பீட்டர் செக்லண்ட். 1930-ல் பர்மிங்காமில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் படித்தவர். பிரிட்டனின் ஐசிஐ வேதிப்பொருள் நிறுவனத்தில் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்து மேலாளராக உயர்ந்தார். அன்றைய மேலாண்மை அறிவியல் புத்தகங்களில் இருந்த கணக்குகள், மேலாளராக அவர் அன்றாடம் சந்தித்த சிக்கல்களுக்குக் கைகொடுக்கவில்லை. 1969-ல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே க்விலிம் ஜென்கின்ஸ் அமைப்புப் பொறியியல் துறையைத் தொடங்கியிருந்தார். புள்ளியியல் படித்தவர்களுக்கு பாக்ஸ்-ஜென்கின்ஸ் முறை வழியாக அவர் பெயர் பழக்கமானது. துறையின் வழக்கம் எளிமையானது: மாணவர்களும் ஆசிரியர்களும் உண்மையான நிறுவனங்களுக்குப் போய் உண்மையான சிக்கல்களில் இறங்க வேண்டும், முறை பலித்ததா என்பதை அங்கேதான் பார்க்க வேண்டும்.

தொடக்க கால ஆய்வுகளில் ஒன்று, ஒலியை முந்தும் கான்கார்ட் விமானத்தைப் பற்றியது. பிரிஸ்டலை ஒட்டிய ஃபில்டனில் அதன் பிரிட்டிஷ் பகுதி உருவாகிக்கொண்டிருந்தது. ஆய்வுக் குழு பாடப்புத்தகப்படியே போனது. நோக்கத்தை வரையறு, மாற்று வழிகளை அடுக்கு, சிறந்ததைத் தேர்ந்தெடு. நோக்கம் கண்ணெதிரே இருப்பதாகத் தோன்றியது: குறித்த காலத்தில், குறித்த செலவில், குறித்த தரத்தில் ஒரு விமானம். அந்த அடிப்படையில் அவர்கள் எழுதிய பரிந்துரைகள் நிறுவனத்தில் இருந்தவர்களுக்கு ஒட்டவில்லை. கான்கார்ட், 1962-ல் பிரிட்டனும் பிரான்சும் கையெழுத்திட்ட ஓர் அரசியல் ஒப்பந்தத்தின் பிள்ளை. ஐரோப்பியப் பொதுச் சந்தையில் இடம் பிடிக்க பிரிட்டன் முயன்றுகொண்டிருந்த காலம் அது. அரசாங்கத்தின் கண்ணுக்கு அது இரு நாட்டு உறவு. பொறியாளர் கண்ணுக்கு விமானம். இரண்டில் எது கான்கார்ட் திட்டம் என்ற கேள்வியைக் கேட்காமலே குழு இரண்டாவதை எடுத்துக்கொண்டுவிட்டது. இந்தத் தோல்வியை செக்லண்ட் மறைக்கவில்லை. திரும்பத் திரும்ப எழுதினார். எனக்கு அவரிடம் பிடித்த குணம் அது.

இப்படிப் பல ஆய்வுகளில் அடிபட்டுக் கற்றதை 1981-ல் வெளிவந்த நூலில் தொகுத்தார். அதன் அடிப்படைக் கருத்து முதலில் கேட்கும்போது கொஞ்சம் விநோதமாக இருக்கும். தாலுகா அலுவலகம் என்ற ஓர் 'அமைப்பு' வெளியே தயாராக நிற்கவில்லை என்கிறார் அவர். அங்கே இருப்பது மனிதர்களும் பழக்கங்களும் விதிகளும் மனத்தாங்கல்களும் கலந்த ஒரு நிலைமை. அதை ஒவ்வொருவரும் தம் நோக்கிலிருந்து ஓர் அமைப்பாகப் பார்க்கிறார்கள். அந்த நோக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, 'இப்படிப் பார்த்தால் இங்கே என்னென்ன வேலைகள் நடந்தாக வேண்டும்?' என்று ஒரு மாதிரி வரைய முடியும். அந்த மாதிரியின் பயன் ஒன்றுதான். நடப்பதைப் பார்த்துக் கேள்வி கேட்க அது உதவும்.

வருமானச் சான்றையே எடுத்துக்கொள்வோம். விண்ணப்பம் கணினி வழியே முதலில் கிராம நிர்வாக அலுவலருக்குப் போகிறது. அவர் விசாரித்துக் குறிப்பெழுதினால் வருவாய் ஆய்வாளருக்கு. அங்கிருந்து தாலுகா அலுவலகத்துக்கு, கையொப்பத்துக்காக. மாதச் சம்பளக்காரரிடம் சம்பளச் சீட்டு இருக்கிறது. கொத்தனார் வேலைக்குப் போகிறவரிடம் என்ன இருக்கிறது? மழை பெய்தால் வேலை இல்லை. மணல் வராவிட்டாலும் வேலை இல்லை. மனைவி நூறு நாள் வேலைக்குப் போகிறார், வீட்டில் ஒரு கறவை மாடு. ஆண்டு வருமானம் எவ்வளவு என்றால் அவருக்கே தெரியாது. ஆனால் படிவத்தில் ஓர் எண் இருந்தாக வேண்டும். அந்த எண் பெரும்பாலும் சான்று எங்கே தேவைப்படுகிறதோ அங்கிருந்துதான் வருகிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்கு வரம்பு முன்பு 72,000 ரூபாய், பிறகு 1,20,000. பட்டியல் சாதி மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு 2,50,000. வரம்பைத் தெரிந்துகொண்டு அதற்குக் கீழே ஓர் எண் எழுதப்படுகிறது. அந்தக் குடும்பம் ஏழை என்பது உண்மை. எண்தான் கற்பனை.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் 'கிரீமி லேயர்' வரம்பு 8 லட்சம். அந்தக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. 2019-ல் வந்த பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஒதுக்கீட்டுக்கும் வரம்பு அதே 8 லட்சம்; இங்கே எல்லா வருமானமும் சேரும். ஒரே குடும்பத்துக்கு இரண்டு கணக்கில் இரண்டு வருமானம். கவுன்ட்டருக்கு வரும் பெண்ணுக்கு இது தெரியாது. 'வருமானச் சான்று வேணும்' என்றுதான் கேட்பாள்.

செக்லண்ட் முறையில் முதல் வேலை, இவ்வளவையும் ஒரு பெரிய சார்ட் பேப்பரில் கையால் வரைவது. நிறைபடம் என்று சொல்லலாம். கட்டங்களும் அம்புகளும் மட்டும் கொண்ட அலுவலக வரைபடம் இது கிடையாது. மனிதர்களைக் குச்சி உருவங்களாக வரைந்து, அவர்கள் மனத்தில் ஓடுவதைக் குமிழிக்குள் எழுத வேண்டும். இருவருக்குள் உரசல் இருந்தால் நடுவே குறுக்கே மோதும் இரண்டு வாள். வெளியிலிருந்து யாராவது கண்காணித்தால் ஒரு கண். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. வட்டாட்சியர் முதல் அலுவலக உதவியாளர் வரை எல்லோரும் கோடு போட வேண்டும் என்பதுதான் முக்கியம்.

அப்படி வரைந்தால் தமிழ்நாட்டுத் தாலுகா அலுவலகப் படத்தில் யார் யார் வருவார்கள்? கிராம நிர்வாக அலுவலரின் குமிழிக்குள் '17-பி' என்று இருக்கும். அது ஒழுங்கு நடவடிக்கை விதியின் எண். நான்கு வருடம் கழித்து ஒருவர் புகார் கொடுத்தாலும், அன்று விசாரணைக் குறிப்பு எழுதியவர்தான் விளக்கம் சொல்ல வேண்டும். அந்தப் பயம் புரியாமல் அவர் ஏன் இன்னும் ஒரு ஆவணம், இன்னும் ஒரு ஆவணம் என்று கேட்கிறார் என்பது புரியாது. மாவட்டத் தலைநகரில் ஒரு கண்: எத்தனை மனு நிலுவை என்று திரையில் பார்க்கும் கண். இ-சேவை ஆபரேட்டர் இருப்பார். எந்தச் சான்று கேட்க வேண்டும் என்று வருபவருக்கு முதலில் வழிகாட்டுவது பெரும்பாலும் அவர்தான். மரத்தடி மனு எழுத்தர் இருப்பார். எந்த மேசையில் எந்த ஆவணம் கேட்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. அலுவலகத்தின் நடைமுறை பற்றிய மிக நல்ல தகவல் அவரிடம் இருக்கிறது. ஆனால் எந்தச் சீர்திருத்தக் கூட்டத்துக்கும் அவரை யாரும் அழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கிராம உதவியாளரையும் பெரிதாகவே வரைய வேண்டும். அதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேர ஊர் அதிகாரிகளான கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. பரம்பரையாக ஊரைப் பிடித்து வைத்திருந்த பதவிகள் அவை. ஒழித்தது சரியான செயல் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த இடத்தில் இன்று இருக்கும் கிராம நிர்வாக அலுவலர்கள் தேர்வெழுதி வருகிறார்கள், இடமாற்றம் உண்டு. ஆனால் சான்று வழங்கும் நடைமுறை, அலுவலருக்கு ஊரில் ஒவ்வொரு குடும்பமும் தெரியும் என்ற பழைய அனுமானத்தின் மேல்தான் இன்னும் நிற்கிறது. போன மாதம் பொறுப்பேற்ற ஒருவருக்கு, அதுவும் இரண்டு கிராமப் பொறுப்பைச் சேர்த்துப் பார்க்கும் ஒருவருக்கு, மேலத்தெருவில் யார் வீட்டில் என்ன வரும்படி என்று எப்படித் தெரியும்? கிராம உதவியாளரைத்தான் கேட்கிறார். ஆக, அரசு முத்திரையோடு வரும் சான்றின் அடியில் இருப்பது பெரும்பாலும் அந்தக் கடைநிலை ஊழியரின் அறிவு.

படம் முடிந்ததும், இந்த அலுவலகத்தை என்னென்ன விதமாகப் பார்க்கலாம் என்று சிறு வரையறைகளாக எழுத வேண்டும். எதை, எந்த வழியில், எதற்காகச் செய்யும் அமைப்பு என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மாணவியின் நோக்கில்: தகுதியுள்ள பிள்ளையின் கையில், கலந்தாய்வு நாளுக்கு முன், சலுகை பெற உதவும் சான்றைச் சேர்க்கும் அமைப்பு. வருவாய்த் துறையின் நோக்கில்: தகுதியற்றவர் அரசுப் பணத்தைப் பெறாமல், கள விசாரணை மூலம் தடுக்கும் அமைப்பு. கையெழுத்திடுபவரின் நோக்கில்: பின்னாளில் கேள்வி வந்தால் விடை சொல்லும்படி, ஒவ்வொரு முடிவுக்கும் ஆவணம் சேர்க்கும் அமைப்பு. மாவட்டத் திரையின் நோக்கில்: மனுக்களைக் கெடு நாளுக்குள் பைசல் செய்யும் அமைப்பு. நான்கும் நியாயமானவை. நான்கும் ஒரே கட்டடத்தில், ஒரே ஆட்களைக் கொண்டு நடக்கின்றன. ஒன்றை வேகப்படுத்தினால் இன்னொன்று இடறுகிறது. கெடு நாளை மட்டும் இறுக்கினால், கெடு முடிவதற்கு முந்தின நாள் 'ஆவணம் போதாது' என்று திருப்பி அனுப்பினாலும் அது பைசல் கணக்கில் ஏறிவிடும். திரையில் பச்சை விளக்கு எரியும், பிள்ளை மறுபடி விண்ணப்பம் போடுவாள்.

வரையறை ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்க, செக்லண்டும் அவர் சகாக்களும் ஆறு கேள்விகளை வைத்திருந்தார்கள். இதனால் நன்மையோ தீமையோ அடைபவர் யார்? செய்பவர் யார்? எது எதுவாக மாறுகிறது? எந்த உலகப்பார்வையில் இது பொருள்படுகிறது? இதை நிறுத்திவிடக் கூடியவர் யார்? மாற்ற முடியாதென்று ஏற்றுக்கொண்ட சூழல் எது? முதல் கேள்வியில் 'தீமையோ' என்பதைக் கவனியுங்கள். பாதிக்கப்படுபவரையும் பயனாளியோடு சேர்த்தே எண்ண வேண்டும் என்று அந்த முறை வற்புறுத்துகிறது. ஐந்தாவது கேள்வியும் முக்கியமானது. வருமானச் சான்று வேண்டும் என்று கேட்பது உதவித்தொகைத் துறை, காப்பீட்டுத் திட்டம், கல்லூரி. அவர்கள் கேட்பதை நிறுத்தினால் இந்த வேலையே நின்றுவிடும். தாலுகா அலுவலகத்தில் யாரைத் திட்டினாலும் அது நிற்காது.

இப்போது மாணவியின் வரையறையை எடுத்து, அது நிறைவேற என்னென்ன செயல்கள் வேண்டும் என்று வினைச்சொற்களாக எழுதி அம்புகளால் இணைக்கிறோம். ஏழு எட்டுக்கு மேல் போகக் கூடாது. சான்று கேட்கும் இடம் எந்தக் கணக்கில் வருமானம் கேட்கிறது என்று அறிதல், கடைசித் தேதியை அறிதல், குடும்பத்தின் நிலையை அறிதல், நிலையான வருமானம் இல்லாதவருக்கு எண்ணைக் கணிக்கும் விதியைத் தெரிந்துகொள்ளுதல், முடிவெடுத்தல், முடிவையும் காரணத்தையும் விண்ணப்பித்தவருக்குப் புரியும்படி சொல்லுதல், இவ்வளவும் சரியாக நடக்கிறதா என்று பார்த்துத் திருத்துதல்.

அடுத்ததுதான் இந்த முறையின் உயிர். ஒவ்வொரு செயலாக எடுத்து நடப்பை நோக்கிக் கேட்க வேண்டும்: இது இங்கே நடக்கிறதா? யார் செய்கிறார்? நன்றாக நடந்ததென்று எப்படித் தெரியும்? முதல் செயலிலேயே தட்டுகிறது. எந்தக் கணக்கில் வருமானம் என்று கேட்பது யாருடைய வேலையும் இல்லை. இ-சேவையில் கேட்பதில்லை, கிராமத்தில் கேட்பதில்லை, தாலுகாவிலும் கேட்பதில்லை. கல்லூரி வாசலில் திருப்பி அனுப்பும்போதுதான் தெரிகிறது. கடைசித் தேதியும் அப்படியே. கலந்தாய்வு அடுத்த வாரம் இருப்பவரின் மனுவும் ஆறு மாதம் பொறுக்கக் கூடிய மனுவும் ஒரே வரிசையில் கிடக்கின்றன. கூலித் தொழிலாளிக்கு எண்ணைக் கணிக்கும் இடத்தில், எல்லோரும் ஏற்ற ஒரு கணக்கீடு இல்லாததால் ஒவ்வொருவரும் தம் பாதுகாப்புக்கு ஏற்ப முடிவெடுக்கிறார்கள். காரணம் சொல்லும் இடத்தில், கைப்பேசிக்கு ஒரு வரிச் செய்தி போகிறது, அதைப் படித்தவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று புரியாததால் நேரில் வருகிறார்: "சார், என் மனு என்ன ஆச்சு?" இப்படி, முதல் தடவை சரியாகச் செய்யாததால் மறுபடி வரும் வேலைக்கு பிரிட்டனில் மேலாண்மைச் சிந்தனையாளர் ஜான் செட்டன் 'தோல்வித் தேவை' என்று பெயர் வைத்தார். தாழ்வாரக் கூட்டத்தில் இந்த வகை எவ்வளவு என்று தெரிய, வருபவரிடம் 'எதற்காக வந்தீர்கள்' என்று ஒரு வாரம் கேட்டு எழுதினாலே போதும். டோக்கன் இயந்திரம் வாங்கும் முன் எந்த அலுவலகமும் இதைச் செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நன்றாக நடந்ததா என்பதற்கும் செக்லண்ட் மூன்று அளவுகோல் வைத்தார். செய்ய நினைத்தது நடந்ததா. குறைந்த செலவில், குறைந்த நேரத்தில் நடந்ததா. நடந்ததால் பெரிய நோக்கம் நிறைவேறியதா. சான்று வந்தது முதலாவது. பத்து நாளில் வந்தது இரண்டாவது. அந்தச் சான்றால் பிள்ளை கல்லூரியில் சேர்ந்தாளா என்பது மூன்றாவது. நம் திரைகள் முதல் இரண்டைத்தான் எண்ணுகின்றன.

பிறகு எதை மாற்றுவது? இரண்டு நிபந்தனைகளை ஒரு மாற்றம் தாண்ட வேண்டும். மாதிரியின் தர்க்கப்படி அது நல்லதாக இருக்க வேண்டும். அங்கே இருக்கும் மனிதர்கள், அவர்கள் இருக்கிறபடியே, அதோடு வாழ முடிய வேண்டும். 'விசாரணையே வேண்டாம், சுய உறுதிமொழி போதும்' என்பது மாணவியின் மாதிரிப்படி நல்ல யோசனை. ஆனால் கையெழுத்திடுபவரின் 17-பி பயம் அப்படியே இருக்கும்வரை அது காகிதத்தில்தான் இருக்கும். கலந்துபேசினால் இப்படி ஒரு வழி பிறக்கலாம்: தினக்கூலிக் குடும்பத்துக்கு மாவட்டம் முழுக்க ஒரே கணக்கீட்டு அட்டவணை, அதைப் பின்பற்றி எழுதியவர் மீது பின்னாளில் நடவடிக்கை கிடையாது என்று எழுத்தில் உத்தரவு, எல்லா மனுவையும் மேலோட்டமாக விசாரிப்பதற்குப் பதில், சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து ஆழமாக விசாரிப்பது, விண்ணப்பத்தில் 'எதற்காக, எந்தத் தேதிக்குள்' என்று இரண்டு கட்டங்கள். இதில் யாருக்கும் முழுத் திருப்தி இருக்காது. வருவாய்த் துறைக்குக் கொஞ்சம் தளர்வாகத் தோன்றும், மாணவிக்கு இன்னும் தாமதமாகத் தோன்றும். எல்லோரும் ஒத்த கருத்துக்கு வர வேண்டும் என்று செக்லண்ட் கேட்கவில்லை. வேறு வேறு நோக்குடையவர்கள் சேர்ந்து ஓர் அடி எடுத்துவைக்கும் அளவுக்கு ஓர் இணக்கம் போதும் என்றார்.

இந்த முறைக்கு வந்த கடுமையான விமர்சனத்தையும் சொல்லியாக வேண்டும். 1982-ல் அமைப்புச் சிந்தனை ஆய்வாளர் மைக்கேல் ஜாக்சன் கேட்டார்: எல்லோரும் சமமாக உட்கார்ந்து பேசுவதாக வைத்துக்கொண்டால் அதிகாரம் எங்கே போயிற்று? பேச்சு முடியும்போது ஏற்கெனவே பலமுள்ளவரின் விருப்பம்தானே நிற்கும்? அடுத்த ஆண்டு அதே துறையைச் சேர்ந்த வெர்னர் உல்ரிச், பாதிக்கப்பட்டும் பேச்சில் பங்கில்லாதவர்களை முன்னிறுத்தித் தனியாக ஒரு முறையே வகுத்தார். செக்லண்ட் பிற்பாடு, யாரிடம் என்ன அதிகாரம் இருக்கிறது, அது எப்படிக் கைமாறுகிறது என்று தனியே ஆராயும் ஒரு படியைத் தம் முறையில் சேர்த்தார். ஆனாலும் தமிழ்நாட்டு அலுவலகச் சூழலில் இந்த விமர்சனத்தின் பக்கம்தான் நான் நிற்கிறேன். வட்டாட்சியர் இருக்கும் அறையில் கிராம உதவியாளர் உட்காரவே தயங்குவார். நிறைபடத்தில் அவர் தம் கையால் கோடு போடுவாரா? வாள் குறியை யார் மீது வரைவார்? ஆகவே படத்தை ஒரே அறையில் வரையக் கூடாது. ஊழியர்கள் தனியே, மரத்தடி ஆட்களும் மனுதாரர்களும் தனியே, அதிகாரிகள் தனியே வரைந்து, படங்களைப் பெயரில்லாமல் ஒரே சுவரில் ஒட்ட வேண்டும். நடத்துபவர் அந்த அலுவலகத்தின் படிநிலைக்கு வெளியே இருப்பவராக இருக்க வேண்டும்.

ஒரு சுற்று முடிந்தால் வேலை முடிவதில்லை. நிலைமை மாறிவிட்டிருக்கும், மாறிய நிலைமையை மறுபடி வரைய வேண்டும். தாலுகாவுக்குள் முதல் சுற்று முடிந்தால் இரண்டாவது சுற்று அநேகமாக வெளியே போகும், சான்று கேட்பவர்களிடம். இதற்கு முன்மாதிரி இருக்கிறது. முன்பெல்லாம் மதிப்பெண் பட்டியல் நகலுக்குக்கூட கெசட்டட் அதிகாரியைத் தேடி அலைந்தோம். அந்தக் கையெழுத்தை வேகமாகப் பெற எந்த இயந்திரமும் வரவில்லை. அது வேண்டுமா என்று கேட்டார்கள், சுய சான்றொப்பம் போதும் என்று மத்திய அரசு தன் துறைகளுக்குச் சொன்னது. அதுபோல, எந்தத் திட்டம் எந்தக் கணக்கில், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வருமானம் கேட்கிறது, கேட்ட எண்ணை வைத்து உண்மையில் என்ன செய்கிறது என்று ஒரு பட்டியல் எடுக்கலாம். ரேஷன் அட்டையிலோ வேறு பதிவிலோ ஏற்கெனவே இருக்கும் தகவல் போதுமான இடங்களை அதில் குறிக்கலாம். அந்தப் பட்டியலை எடுக்கும் அதிகாரம் எந்த வட்டாட்சியருக்கும் இல்லை. தலைமைச் செயலகத்தில் துறைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் உண்டு. இரண்டாவது நிறைபடத்தின் நடுவில் அவரை வரைந்து தொடங்க வேண்டும்.